கேள்வி நேரம்: பெயர் ஒருவருக்கு, வியர்வை இன்னொருவருக்கு!

பொது அறிவுக் கேள்வி என்றாலே ஒரு பெயரைக் கேட்பார்கள், நாமும் ஒரு பெயரைச் சொல்வோம். மலை என்றால் எவரெஸ்ட், முதல் டெஸ்ட் கேப்டன் என்றால் சி.கே. நாயுடு. பதில் சரி, மார்க்கும் கிடைக்கும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் பல சமயம் இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார். அவரைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த வாரம் அவர்களுக்கான வாரம்.

விளையாட்டின் விதி இதுதான். முதல் எட்டுக் கேள்விகளுக்கும் தலா 2 மார்க். எல்லோருக்கும் தெரிந்த பெயரைச் சொன்னால் 1, தெரியாத பெயரையும் சொன்னால் இன்னொன்று. கடைசியில் நான்கு குட்டிக் கேள்விகள், தலா 1 மார்க். மொத்தம் 20. வீட்டில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் பதில் சொல்லலாம். பதிலைப் பார்க்கத் திரையைத் தள்ளும் முன் பத்து நொடி பொறுங்கள்!

1. புவியியல்: எவரெஸ்ட் சிகரத்துக்கு யார் பெயர்? அதன் உயரத்தைக் கணக்குப் போட்டவர் யார்?

இந்தியாவை அங்குலம் அங்குலமாக அளந்த மாபெரும் நில அளவைப் பணி தொடங்கியது நம்ம பரங்கிமலையில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு முதல் கோட்டை அளக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் அந்தப் பணியை நடத்தியவர் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்கு அவர் பெயர்தான்.

ஆனால் எவரெஸ்ட் 1843லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அந்தச் சிகரம் அப்போது வெறும் '15ஆம் சிகரம்'. நூறு மைலுக்கும் அப்பால் நின்று கருவிகளால் எடுத்த கோணங்களை வைத்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். காற்றில் ஒளி வளைவதால் வரும் பிழையையும் கழிக்க வேண்டும். 1852 வாக்கில் அந்தக் கணக்கைப் போட்டு, இதுதான் எல்லாவற்றிலும் உயரம் என்று கண்டவர் வங்காளத்துக் கணித மேதை ராதாநாத் சிக்தார். 1856ல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. இன்று நவீனக் கருவிகளால் அளந்து 2020ல் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 30 அடிதான்! பேனாவும் காகிதமும் வைத்துப் போட்ட கணக்கு அது.

இன்னொரு வேடிக்கை. தன் பெயரை வைக்க வேண்டாம், இந்தியர்கள் வாயில் நுழையாது என்று எவரெஸ்டே மறுப்புச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவர் குடும்பத்தில் உச்சரித்ததோ 'ஈவ்ரெஸ்ட்'. நாம் எல்லோரும் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2. சமையலறை: வெனிலா எந்த நாட்டுச் செடி? அதை உலகம் முழுக்க விளையவைத்த வித்தையைக் கண்டுபிடித்தவர் யார்?

செடி மெக்சிகோவைச் சேர்ந்தது. ஆர்க்கிட் வகைக் கொடி. ஐரோப்பியர்கள் அதை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். கொடி வளர்ந்தது, பூவும் பூத்தது, காய் மட்டும் காய்க்கவில்லை. அதன் பூவில் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மெக்சிகோவில் பூச்சிகள் செய்த மகரந்தச் சேர்க்கையை மற்ற ஊர்களில் செய்ய ஆள் இல்லை. பெல்ஜியத்தில் ஒரு விஞ்ஞானி 1836ல் கையால் செய்து பார்த்தார். ஆனால் அந்த முறை தோட்டத்துக்கு ஒத்துவரவில்லை.

1841ல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் அந்த முடிச்சை அவிழ்த்தது 12 வயதுச் சிறுவன். பெயர் எட்மண்ட். அடிமை என்பதால் குடும்பப் பெயர்கூட கிடையாது. ஒரு மெல்லிய குச்சியால் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திவிட்டான். அவ்வளவுதான், காய் பிடித்தது! பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அவனை அனுப்பி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். பின்னால் ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர், "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று உரிமை கொண்டாடினார். எட்மண்டின் எஜமானரே அதை மறுத்து எழுதினார்.

1848ல் அடிமை முறை ஒழிந்தபோது அவனுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. 1880ல் வறுமையில் இறந்தார். குங்குமப்பூவுக்கு அடுத்து உலகில் விலை உயர்ந்த நறுமணப் பொருளாக வெனிலாவைச் சொல்வார்கள். மடகாஸ்கர் தோட்டங்களில் இன்றும் ஒவ்வொரு பூவையும் கையால்தான் தொடுகிறார்கள், அந்தப் பையன் காட்டிய வழியில்.

3. அறிவியல்: பல்சார் கண்டுபிடிப்புக்காக 1974ல் நோபல் பரிசு பெற்றவர் யார்? அதை முதலில் பார்த்தவர் யார்?

பல்சார் என்பது வேகமாகச் சுழலும் ஒரு வகை நட்சத்திரம். கலங்கரை விளக்கம் போல, சுற்றும்போதெல்லாம் நம் பக்கம் ஒரு துடிப்பை அனுப்பும். நோபல் பரிசுக்கான பதில் ஆண்டனி ஹெவிஷ். வானொலித் தொலைநோக்கிப் பணிகளுக்காக மார்ட்டின் ரைலும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1967ல் கேம்பிரிட்ஜில் ஹெவிஷிடம் ஆய்வு மாணவியாக இருந்தவர் ஜோசலின் பெல். தொலைநோக்கியை அமைக்கும் உடல் உழைப்பிலும் அவர் பங்கு உண்டு. அது தினமும் சுமார் 30 மீட்டர் நீளக் காகிதத்தில் கோடு கோடாக வரைந்து தள்ளும். அத்தனையையும் கண்ணால் பார்க்க வேண்டியது அவர் வேலை. அதில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு கிறுக்கல். ஏதோ இடையூறு என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. 1.33 நொடிக்கு ஒரு தரம், தவறாமல் துடித்தது அது. வேற்றுக்கிரகத்துப் பச்சை மனிதர்கள் சிக்னல் அனுப்புகிறார்களோ என்று கிண்டலாக அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

நோபல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பல விஞ்ஞானிகள் கொதித்தார்கள். அவரோ மனக்குறை ஏதும் இல்லை என்றே சொல்லி வந்தார். 2018ல் அவருக்கு 30 லட்சம் டாலர் மதிப்புள்ள வேறொரு பெரிய பரிசு கிடைத்தது. முழுத் தொகையையும் இயற்பியல் படிக்க வாய்ப்புக் குறைந்த மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

4. விளையாட்டு: இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் யார்? அதற்கு 21 ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் விக்கெட்டுகளை அள்ளிய சுழல் பந்துவீச்சாளர் யார்?

முதல் பாதி சுலபம்: சி.கே. நாயுடு, 1932, லார்ட்ஸ் மைதானம். இரண்டாம் பாதிக்குப் பதில் பல்வங்கர் பாலு.

தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் 1876ல் தார்வாடில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதானத்தைப் பராமரிப்பதும், வலைப் பயிற்சியில் அவர்களுக்குப் பந்து போடுவதும் வேலை. மணிக்கணக்காகப் போட்டுப் போட்டே இடது கை சுழலில் மன்னன் ஆனார். அவரை ஒதுக்கிவைத்து ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர்.

1911ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அகில இந்திய அணி பெரும்பாலான போட்டிகளில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். இந்து அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1923ல் அந்தப் பதவி அவருடைய தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. இளம் அம்பேத்கர் வியந்து பார்த்த நாயகர்களில் பாலுவும் ஒருவர். பின்னாளில், 1937 தேர்தலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள் என்பதும், அம்பேத்கர் ஜெயித்தார் என்பதும் வரலாற்றின் விசித்திரம்.

5. கலை: மலையாள சினிமாவின் தந்தை யார்? அதன் முதல் கதாநாயகி யார்?

தந்தை ஜே.சி. டேனியல். கேரள அரசு 1992ல் இருந்து அவர் பெயரில் திரைத்துறைக்கான உயரிய விருதை வழங்குகிறது. சொத்தை விற்று அவர் எடுத்த மௌனப் படம் 'விகதகுமாரன்'. கதாநாயகி பி.கே. ரோஸி.

ரோஸி புல் அறுக்கும் வேலை பார்த்தவர். காக்காரிசி என்ற நாட்டுப்புறக் கூத்தில் நடித்த அனுபவம் இருந்தது. தலித் பெண்ணான அவர் படத்தில் ஏற்றது நாயர் குடும்பப் பெண் வேடம். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது கூட்டம் கொதித்தது. திரையை நோக்கிக் கல் பறந்தது. அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். உயிர் பிழைக்க ஊரை விட்டு ஓடினார். அதன் பிறகு அவர் நடிக்கவே இல்லை. நாகர்கோவில் பக்கம் ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பமாக வாழ்ந்தார் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

டேனியலும் கையில் இருந்ததை எல்லாம் இழந்து, பல் வைத்தியம் பார்த்துக் காலம் தள்ளினார். 1975ல் இறந்தார். அவர்கள் எடுத்த படம் இன்று இல்லை. 2013ல் வந்த 'செல்லுலாய்ட்' என்ற மலையாளப் படம் இவர்கள் கதையைச் சொன்னது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் ரோஸியின் சித்திரத்தை வைத்தது. தன் முகத்தைத் திரையில் காட்டியதற்காக விரட்டப்பட்டவரின் முகம், லட்சக்கணக்கான திரைகளில்!

6. வரலாறு: 1909ல் வட துருவத்தை அடைந்ததாக அறிவித்தவர் யார்? உடன் போனவர்கள் யார்?

அறிவித்தவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ராபர்ட் பியரி. கடைசிக் கட்டப் பயணத்தில் அவருடன் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் மேத்யூ ஹென்சன் என்ற கறுப்பினத்தவர். மற்ற நால்வர் இன்யூட் இனத்தவர்: ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கியா. துல்லியமாக அந்தப் புள்ளியைத்தான் தொட்டார்களா என்ற சர்ச்சை இன்றும் உண்டு. ஆனால் அந்தப் பனிப் பாலைவனத்தில் அவர்கள் பட்ட பாட்டில் சந்தேகம் இல்லை.

பியரி ஏற்கெனவே பனிக்கடியில் கால்விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தவர். ஹென்சன் இன்யூட் மொழியைச் சரளமாகப் பேசுவார். நாய் வண்டி ஓட்டுவதிலும் அதைப் பழுது பார்ப்பதிலும் கெட்டிக்காரர். இருவரும் பல ஆண்டுகளாக ஒன்றாகவே பயணம் போனவர்கள். திரும்பி வந்ததும் பியரிக்குப் பதவி உயர்வும் பதக்கங்களும் கிடைத்தன. ஹென்சனுக்கு நியூயார்க் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. 1937ல்தான், 70 வயதில், ஆய்வுப் பயணிகளின் புகழ்பெற்ற சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1988 ஏப்ரல் 6 அன்று, துருவப் பயணத்தின் நினைவு நாளில், அவருடைய உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்கு மாற்றப்பட்டு பியரியின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

7. விளையாட்டுப் பெட்டி: 'மோனோபோலி' விளையாட்டை விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர் யார்? அதன் மூலத்தை உருவாக்கியவர் யார்?

கோடை விடுமுறையில் நம் வீடுகளில் தாயக்கட்டையை உருட்டி, ஊர் ஊராக வாங்கி, வாடகை வசூலித்து, கடைசியில் சண்டையில் முடியும் 'பிசினஸ்' விளையாட்டின் அண்ணன்தான் மோனோபோலி. சார்லஸ் டாரோ என்ற அமெரிக்கர் 1935ல் அதை பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார்.

ஆனால் 1904லேயே இதே மாதிரி ஒரு பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தவர் லிசி மேகி என்ற பெண்மணி. அவர் வைத்த பெயர் 'நிலக்கிழார் விளையாட்டு'. நிலத்தை எல்லாம் ஒருவரே வளைத்துப்போட்டால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆகிறார்கள் என்று காட்டத்தான் அதை உருவாக்கினார். ஒருவர் சம்பாதித்தால் எல்லோருக்கும் பங்கு என்று இன்னொரு விதியும் அதில் உண்டு. உலகம் எந்த விதியை எடுத்துக்கொண்டது என்று சொல்லத் தேவையில்லை! நிறுவனம் அவருடைய காப்புரிமையை வாங்க அவருக்குக் கொடுத்தது 500 டாலர். 1970களில் நடந்த ஒரு வழக்கில்தான் அவருடைய பழைய கதை மீண்டும் வெளியே வந்தது.

8. மருத்துவம்: ஜெய்ப்பூர் செயற்கைக் காலுக்காக 1981ல் மகசேசே விருது பெற்றவர் யார்? அதை வடித்த கைவினைஞர் யார்?

விருது பெற்றவர் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி. வடித்தவர் ராம் சந்திர சர்மா. எல்லோருக்கும் 'மாஸ்டர்ஜி'. அதிகம் படிக்காத சிற்பக் கலைஞர். மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைவேலை கற்றுத்தர வந்தவர்.

அந்தக் காலத்துச் செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு சம்மணம் போட முடியாது, குத்துக்கால் வைத்து உட்கார முடியாது, வயலில் இறங்க முடியாது. ஷூ மாட்டியே ஆக வேண்டும். நம் ஊர் விவசாயிக்கு அது எதற்கு? பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் கடையைப் பார்த்து மாஸ்டர்ஜிக்கு ஒரு யோசனை வந்தது. ரப்பரிலேயே கால் வடித்தால் என்ன? சேத்தியும் மற்ற மருத்துவர்களும் உடற்கூறு அறிவைச் சேர்த்தார்கள். சேறு, சகதி, மரம் என்று எதற்கும் அஞ்சாத கால் உருவானது. திருச்சி அருகே நடந்த விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், இதைப் போட்டுக்கொண்டுதான் மீண்டும் பரதம் ஆடினார். அவர் கதையே 'மயூரி' படமானது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு பேரும் இல்லாமல் அந்தக் கால் இல்லை. விருதுக்கு ஒரு பெயர்தான் போனது.

குட்டிக் கேள்விகள் (தலா 1 மார்க்)

9. அமெரிக்காவுக்கு ஏன் கொலம்பஸ் பெயர் இல்லை?
தான் வந்து சேர்ந்தது ஆசியா என்றே அவர் நம்பினார். இது புதிய கண்டம் என்று எழுதியவர் அமெரிகோ வெஸ்புச்சி. 1507ல் மார்ட்டின் வால்ட்சீமுல்லர் வெளியிட்ட வரைபடத்தில் அவர் பெயர் ஏறிவிட்டது. பின்னால் அவரே தன் வேறொரு வரைபடத்தில் அந்தப் பெயரை விட்டுவிட்டார். அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது!

10. கில்லட்டினைக் கண்டுபிடித்தவர் கில்லட்டினா?
இல்லை. டாக்டர் கில்லட்டின் மரண தண்டனையையே விரும்பாதவர். கொல்வதாக இருந்தால் வலியில்லாமல் கொல்லுங்கள் என்று பேசினார், பெயர் ஒட்டிக்கொண்டது. வடிவமைத்தவர் அந்துவான் லூயி என்ற மருத்துவர். கில்லட்டின் இறந்தது இயற்கையாக, 1814ல்.

11. ஹாலி வால்நட்சத்திரத்தை முதலில் பார்த்தவர் ஹாலியா?
இல்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனர்கள் குறித்துவைத்திருந்தார்கள். அது 1758ல் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னதுதான் ஹாலியின் பெருமை. அது வந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1742லேயே இறந்துவிட்டார். அடுத்த வருகை 2061ல். குழந்தைகளே, குறித்துவையுங்கள்.

12. 1, 2, 3 என்று நாம் எழுதும் 'அராபிய எண்கள்' யாருடையவை?
இந்தியாவில் பிறந்தவை. அராபியர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் அந்தப் பெயர். 1202ல் ஐரோப்பியர்களுக்கு இவற்றைப் புத்தகம் போட்டு விளக்கிய ஃபிபனாச்சியே, இந்தியர்களின் எண்கள் என்றுதான் எழுதினார்.

உங்கள் மார்க் எவ்வளவு?

16க்கு மேல்: அடுத்த வாரம் இந்தப் பகுதியை நீங்களே எழுதலாம்! 10 முதல் 16 வரை: பலே. 10க்குக் கீழே: கவலை வேண்டாம், பாடப் புத்தகங்கள் முதல் பாதியை மட்டும்தான் சொல்லிக்கொடுக்கின்றன.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தேர்வில் பல்சாருக்கு நோபல் யார் என்று கேட்டால் ஹெவிஷ் என்றே எழுதுங்கள். கேட்ட கேள்விக்கு அதுதான் விடை, மார்க்கை விடாதீர்கள். எழுதி முடித்து வெளியே வந்த பிறகு, ஜோசலின் பெல் பெயரை நண்பர்களிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊர்ப் பள்ளி, நூலகம், கோயில் குளம் எதிலாவது கல்வெட்டு இருக்கும். திறந்துவைத்தவர் பெயர் அதில் இருக்கும். கட்டிய கொத்தனார் யார், தூர் வாரியவர்கள் யார் என்று ஊரில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்தால் குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். அந்தக் கேள்விக்கான விடை இணையத்தில் கிடைக்காது, உங்கள் ஊரில் மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்த வாரம் கடிகாரத்தைப் பற்றிய கேள்விகள். முன்னோட்டமாக ஒன்று: உலகிலேயே மிக அதிகமான நேர மண்டலங்கள் கொண்ட நாடு எது? ரஷ்யா என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்!